இரண்டாம் ஓலை வாசிக்கும் முன்

மகனே,

அன்புள்ள என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அன்பு எங்கும் ஓடிவிடவில்லை, உள்ளேதான் கிடக்கிறது. இப்போதைக்கு அதன்மேல் கோபம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நம் கோவிலில் உன் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் வாசித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். வழக்கமாக அந்த நேரத்தில் யாராவது இருமுவார்கள், ஏதாவது ஒரு குழந்தை அழும், அவ்வளவுதான். அன்றைக்குப் பெண்கள் பக்கத்திலிருந்து உங்கம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், இந்த மனுஷன் எழுந்து எதையாவது சொல்லித் தொலைத்துவிடுவாரோ என்று. நான் எழவில்லை. எனக்குத் தெரிந்ததைத் தடை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. அதை நீ மறைத்தாய், என்னையும் மறைக்கச் சொன்னாய்.

ஓலை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். இரண்டாவது ஓலைக்கு முன்னால் இதை நீ படித்தாக வேண்டும். உன் விலாசத்துக்கு மட்டும் அனுப்பாமல் ஊரறியச் சபைப் பத்திரிகையில் அச்சுப் போடச் சொல்கிறேனே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கு வந்திருக்கிற கோபத்தில் பாதியாவது உனக்கு வந்தால்தான் நாம் இரண்டு பேரும் சரிசமமாகப் பேச முடியும். உன் பேரையோ அவள் பேரையோ நான் எழுதவில்லை. அப்படியும் சபைக்காரர்களுக்குப் புரிந்துவிடும் என்றால் புரியட்டும். மூடி வைக்கிற வேலை எனக்கு ஒத்துவராது. பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவனுக்கு அது ஏன் ஒத்துவராது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கோடையில் என் உள்ளங்கை மஞ்சளானது உனக்குத் தெரியும். போனில் சொன்னபோது நீயும் சிரித்தாய். நம் பக்கத்தில் மஞ்சளாக வருகிறவனை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? எம். புதுப்பட்டியிலிருந்து சாயங்கால வேனில் வந்து இறங்குகிறவர்களைப் பார்த்தாலே தெரியும், அலுமினியப் பொடி பட்டவன் வெள்ளி பூசியதுபோல இறங்குவான், கெந்தகம் பட்டவன் மஞ்சளாக இறங்குவான். கலவை அறைக்குப் பக்கத்திலேயே காலத்தைக் கழித்தவன் நான். வியர்வையில் கெந்தகம் ஒட்டிக்கொண்டது என்று தேங்காய் நாரும் சோப்பும் வைத்துத் தேய்த்தேன். உங்கம்மா எண்ணெய் தடவித் தேய்த்தாள். தோல்தான் சிவந்தது. திரி வைக்கிற முத்துமாரி ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, கெந்தகம் கண்ணுக்குள்ளயுமா போயிருக்கு?" என்று கேட்டாள். "வெயிலு சூடு தாயி, நீ வேலயப் பாரு" என்று விரட்டினேன். சிறுநீர் மஞ்சளாகப் போனதையும் அதே வெயில் கணக்கில் சேர்த்துவிட்டேன். வேறு ஊராக இருந்தால் எதிர்வீட்டுக்காரனே காமாலை என்று சொல்லியிருப்பான். கெந்தகத்தில் புரளுகிற ஊரில் காமாலை ஒளிந்துகொள்ள நல்ல இடம் கிடைத்துவிட்டது.

அப்புறம் மதுரைக்குப் போனதும், ஸ்கேன் எடுத்ததும், கல்லீரலில் இருப்பது புற்றுக்கட்டிதான் என்று டாக்டர் சொன்னதும் உனக்குத் தெரிந்ததே. அவர் சொன்ன இன்னொன்றும் உனக்குத் தெரியும். என் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறது, பல வருஷமாக இருந்திருக்கிறது. எப்போது வந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. பிறக்கும்போதே என் தாயிடமிருந்து வந்திருக்கலாம், சின்ன வயதில் ஒரே ஊசியைத் தெருவுக்கே போட்டதில் வந்திருக்கலாம் என்றார். வாலிப வயதில் எனக்கு ஒருமுறை காமாலை கண்டு, கீழாநெல்லி அரைத்துக் குடித்து, உப்பில்லாப் பத்தியம் இருந்து, மஞ்சள் இறங்கியதும் எல்லாம் போய்விட்டது என்று கறிக்குழம்பு வைத்துக் கொண்டாடினார்கள். மஞ்சள்தான் போயிருக்கிறது. கிருமி போகவே இல்லை.

போனில் கேட்டதும் நீ அழுதாய். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. மறுவாரம் நீயே கூப்பிட்டுப் பேசியதுதான் என் வயிற்றெரிச்சல். "அப்பா, கல்யாணம் முடியிற வரைக்கும் அல்சர்னே சொல்லிருவோம்ப்பா. லிவர்னு சொன்னா குடிகாரக் குடும்பம்னு நெனச்சிருவாக." யார் நினைப்பார்கள்? பார்க்க வந்தவர்கள் எல்லாருமே ஏற்கெனவே நினைத்துக்கொண்டுதான் ஹார்லிக்ஸ் பாட்டிலை நீட்டினார்கள். "அண்ணாச்சிக்கு அந்தப் பளக்கம் உண்டோ?" என்று உங்கம்மாவிடம் அடுப்படியில் போய்க் கேட்டிருக்கிறார்கள். நற்கருணையில் நாக்கில் படுகிற அந்தச் சொட்டுத் திராட்சரசத்தைத் தவிர நான் எதைத் தொட்டிருக்கிறேன்? ஊர் கேட்டதுகூடப் பரவாயில்லை. அந்தப் போனிலேயே நீ கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "எப்பவாச்சும்... சீசன் முடிஞ்சு கம்பெனி பார்ட்டியில கீர்ட்டியில..." என்று இழுத்தாய் பார், அத்தோடு போனை உங்கம்மா கையில் கொடுத்துவிட்டேன். கல்லீரல் புற்று எதனால் வரும் என்று படித்துப் படித்துப் பட்டம் வாங்கிய மகன், பெற்ற அப்பனிடம் கேட்கிற கேள்வியா அது?

போன கிறிஸ்துமஸை நினைத்துப் பார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்து வைத்து, "நான் அங்கன என்ன வேல பாக்கேன்னு கேட்டீகள்லா, இந்தா பாருங்க" என்று காட்டினாய். நீலமும் பச்சையுமாக ஒரு செல் இரண்டாகப் பிரிகிற படம். கல்லீரல் செல் லேசில் பிரியாது, அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் என்றாய். ஈரலில் ஒரு பகுதி போய்விட்டால்தான் எழுந்து பிரிந்து, குறைந்த இடத்தை நிரப்பிவிட்டு மறுபடி அடங்கிவிடுமாம். அந்தப் பிரிவை நடத்தவே தனியாகப் புரதங்கள் இருக்கின்றனவாம். ஆரம்பி என்று முடுக்கிவிட ஒன்று. குரோமோசோம்களை இரண்டு பங்காக இழுத்துப் பிரிக்க ஒன்று. பங்கு சரியாக விழுந்ததா என்று பார்த்து, அதுவரை எல்லாரையும் நிறுத்தி வைக்க ஒன்று. கடைசியில் நடுவில் நின்று செல்லை இரண்டாகப் பிரித்துவிட ஒன்று. உன் ஆராய்ச்சி அந்தக் கடைசி ஆளைப் பற்றியது. நல்ல ஈரலில் தேடினாலும் லேசில் கண்ணில் படாத அது, புற்று வந்த ஈரலில் குவிந்து கிடக்கிறது என்று சொல்லும்போது உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"இது கூடக் கூட கட்டி வேகமா வளருதுப்பா. அடங்கிக் கெடக்க வேண்டிய செல்லு அடங்காமப் பிரியுது. அவசரத்துல பங்கு பிரிக்கயில குரோமோசோம் ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் கொறயவும் விளுந்துருது. அந்தத் தப்போடயே அடுத்த தடவ பிரியுது. அதுல இன்னொரு தப்பு" என்றாய். "அப்ப அதுக்குத் தீவாளி முடிஞ்சும் சீசன் முடியலைன்னு சொல்லு" என்றேன். நீ சிரித்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் இதையே சொல்கிறேன் என்றாய். நான் விடவில்லை, இந்தச் சீசனை ஆரம்பித்து வைக்கிறது யார் என்று கேட்டேன். அப்போதுதான் அந்தக் கிருமியின் பேரைச் சொன்னாய். அது வருஷக்கணக்காக ஈரலில் குடியிருக்கும், அதை விரட்டுகிறேன் என்று உடம்பு தன் செல்லையே கொல்லும், போன இடத்தை நிரப்ப மிச்சமிருக்கிற செல் பிரியும், மறுபடி சாவு, மறுபடி பிரிவு. ஓயாத இந்தப் பழுதுபார்ப்பில் ஒவ்வொரு பிரேக்காக அறுந்து, கடைசியில் நிறுத்த ஆளில்லாமல் போய்விடும் என்று விளக்கினாய். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து நீ அந்தப் பேரைச் சொன்னபோது, அது உனக்கு எதிர் நாற்காலியில் எனக்குள்ளேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

இதையெல்லாம் ஏன் திரும்ப எழுதுகிறேன் என்றால், உனக்குத் தெரியாது என்று நீ சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான். உன் ஆராய்ச்சி என்னைக் காப்பாற்றவில்லையே என்று எனக்கு ஒரு பொட்டுக் கோபம் கிடையாது. அந்தப் புரதத்தை நிறுத்த மருந்து இல்லையா என்று உங்கம்மா கேட்டதற்கு நீ பொறுமையாகத்தான் பதில் சொன்னாய். ரத்தம் ஊறவும் குடல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவும் அதே புரதங்கள் வேண்டும், மொத்தமாக நிறுத்தினால் ஆளே தாங்க மாட்டார், கட்டியில் மட்டும் நிறுத்த வழி தேடிக்கொண்டிருக்கிறோம் என்றாய். தேடு. நான் இருக்கும்போது கிடைக்காவிட்டால் வேறொருத்தன் அப்பனுக்குக் கிடைக்கட்டும். இப்போது தருகிற மாத்திரையைத் தின்றுகொண்டு, வாய் கசந்து, உள்ளங்கால் எரிந்து நான் என் பாட்டைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்குக் கோபமெல்லாம் தேடிக் கண்டுபிடிக்கவே தேவையில்லாத ஒன்றை நீ செய்ய மாட்டேன் என்கிறாயே, அதன்மேல்தான்.

உன் முதல் மீசை நினைவிருக்கிறதா? பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். வெளியே வரும்போது மேலுதட்டில் பேப்பர் துணுக்கு ஒட்டியிருந்தது, ரத்தம் நிற்கவில்லை. என் சவரக் கத்தியை எடுத்திருந்தாய். "அப்பன் கத்தி மகனுக்கு ராசி" என்று நான் பெருமையடித்தேன். அதற்குப் பிறகு நீ காலேஜுக்குப் போகிறவரை நாம் இரண்டு பேருக்கும் ஒரே கத்திதான். மதுரை டாக்டர், வீட்டில் எல்லாரும் ரத்தம் பார்க்க வேண்டும், கத்தியும் பிரஷும் பொதுவில் இருந்ததா என்று கேட்டதும் எனக்கு அந்தப் பேப்பர் துணுக்குதான் கண்முன் வந்தது. உங்கம்மா மறுநாளே போய் ரத்தம் கொடுத்தாள், அவளுக்கு ஒன்றுமில்லை. நீ? "லேப்புல சேரும்போதே தடுப்பூசி போட்டுட்டேம்ப்பா" என்கிறாய். ஏலே, ஊசிக்கு முன்னால் ரத்தத்தைப் பார்த்தார்களா என்றால் பேச்சை மாற்றுகிறாய். ஏற்கெனவே உள்ளே இருந்தால் அந்த ஊசி ஒன்றும் செய்யாது என்று சொல்லிக்கொடுத்ததே நீதானே? ஊரான் ஈரலையெல்லாம் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்க்கிறாய், உன் கையிலிருந்து ஒரு குழாய் ரத்தம் கொடுக்க மாட்டேன் என்கிறாய். ஒரே கட்டிலில் உன்னோடு வாழ வருகிறவளுக்கும் அது போகும் என்பதையும் நான்தான் உனக்கு எழுதிக் காட்ட வேண்டுமா?

பயம் உனக்கு. எனக்குத் தெரியும். பயந்தவன் என்ன செய்வான் என்று நான் பார்த்திருக்கிறேன். நீ காலேஜில் இருந்த காலம், தீபாவளிக்கு முந்திய சீசன், லோடு போக வேண்டிய அவசரம். கலவையில் இருந்த சங்கரலிங்கம் கைதவறிக் கொஞ்சம் தண்ணீரைச் சிந்திவிட்டான். ஈரம் பட்ட பட்டாசு மருந்து தானாகவே சூடேறும். அந்த நேரம் பார்த்து முதலாளி கார் வாசலில் நின்றது. திட்டுவார்களே, சம்பளத்தில் கை வைப்பார்களே என்று பயந்து, நனைந்த இடத்தின்மேல் காய்ந்த மருந்தைக் கொட்டி, சாக்கைப் போட்டு மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போலச் சாப்பிட வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். தூக்குச்சட்டியைத் திறந்தான், ஒரு வாய் வைக்கவில்லை. அதைப் பார்த்து, "என்னலே?" என்று நான் கேட்பதற்குள் அந்த அறையின் கூரை மேலே போய்விட்டது. எல்லாரும் சாப்பிட வந்திருந்ததால் உயிர் தப்பியது. அவன் மண்ணில் புரண்டு அழுதான். "நான் கத்தியிருக்கணும் அண்ணாச்சி, நான் கத்தியிருக்கணும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து என் ஷிப்டில் ஒரு முறை வைத்தேன். தப்பு நடந்தால் நடந்தவன் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லாரும் வெளியே ஓட வேண்டும். வீணாகப் போனது எவ்வளவு மருந்தாக இருந்தாலும் கத்தியவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. முதலாளி கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்வேன். மூடி வைத்தவன் மட்டும் மறுநாள் வேனில் ஏறக் கூடாது. போர்மேன் கோபக்காரன் என்று ஊரே சொல்லும், உனக்கே தெரியும். கத்தியவனிடம் மட்டும் நான் கோபப்பட்டதில்லை. இப்போது நீ சாக்கைப் போட்டு மூடியிருக்கிறாய். அதனால்தான் உனக்குப் பதில் நான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

ஓலை வாசித்த அன்று சாயங்காலமே, உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் நம் வீட்டுக்கு வந்தாள். உங்கம்மா அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள், அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன். கொய்யாப்பழப் பையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "மாமா, அல்சர்னு சொன்னாக. அல்சருக்குக் கண்ணு இப்படியா மஞ்சளா இருக்கும்?" உங்கம்மா காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டி, கிருமி, கத்தி, நீ ரத்தம் கொடுக்காதது, நீ மூடச் சொன்னது, ஒன்று விடாமல். டீச்சர் அழவில்லை. பழப் பையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "இதத்தான் வேலையாப் பாக்காக. எங்கிட்டச் சொல்ல மட்டும் அவுகளுக்கு வாயில்லையா?" என்றாள். எனக்கு உன்னை நினைத்து வெட்கமாக இருந்தது, மகனே. நான் வெட்கப்பட்டுத் தலைகுனிகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். அன்றைக்குக் குனிந்தேன்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டாள். நானும் அவளும் விருதுநகருக்குப் போய் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றோம். என் கையைப் பிடித்து அவள்தான் நடத்திக் கூட்டிப் போனாள். அவள் ரத்தத்தில் ஒன்றுமில்லை. முதல் தடுப்பூசி போட்டாயிற்று, மிச்ச ஊசிக்கும் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில், சூலக்கரை தாண்டியதும், மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "அவனுக்கு இருந்துச்சுன்னா என்ன தாயி செய்வ?" ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இருந்தா அவுகளுக்கு மாத்திர இருக்கு, எனக்கு ஊசி இருக்கு. மறச்சா அதுக்கு என்ன மாமா இருக்கு?" பிறகு பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துப் பாதியை என்னிடம் நீட்டினாள். "போதகர் ஐயாகிட்ட நான் பேசிட்டேன். ரெண்டாவது ஓலைய இப்ப வாசிக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். அவுக ரத்தம் குடுக்கட்டும். என்ன வந்துச்சுன்னு அவுக வாயாலயே எங்கிட்டச் சொல்லட்டும். அப்புறம் வாசிக்கட்டும்." இதை எழுதி அச்சில் போடட்டுமா என்றும் கேட்டேன். "எளுதுங்க மாமா. இந்த ஊர்ல எத்தன வீட்டுல ஒரே கத்தி இருக்கோ" என்றாள்.

இப்படி ஒருத்தி உனக்குக் கிடைத்திருக்கிறாள். நீ அவளிடம் அல்சர் என்று கதை விட்டிருக்கிறாய். 

உனக்கு இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் உனக்கு வயது இருக்கிறது, மாத்திரை போட்டுக் கிருமியை அடக்கி வைத்தால் உன் ஈரல் என் ஈரல் மாதிரி ஓயாமல் தன்னைப் பழுது பார்க்க வேண்டியிருக்காது, நாள் தவறாமல் ஸ்கேன் பார்த்தால் எது வந்தாலும் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார். இதெல்லாம் உனக்கு அத்துப்படி. எனக்கு இந்தச் செய்தியை யாரும் காலத்தில் சொல்லவில்லை. என் கண் மஞ்சளாகும்வரை என் உடம்பும் வாயைத் திறக்கவில்லை. உனக்குச் சொல்ல நான் இருக்கிறேன், அவள் இருக்கிறாள். இதற்கு மேலும் நீ சாக்கைத் தூக்க மாட்டேன் என்றால், என்னைப் பார்க்க வராதே. நான் சும்மா மிரட்டவில்லை. உன்னைப் பார்க்காமல் போவது எனக்கு எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

நாளைக்குக் காலையில் முதல் வேலையாகச் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு போய் உட்கார். முடிவு வந்ததும் முதலில் அவளுக்குப் போன் செய், அப்புறம் எனக்கு. ஒன்றுமில்லை என்றால் நாம் இரண்டு பேருமாகக் கத்துவோம், ஏழாயிரம்பண்ணை வரைக்கும் கேட்கட்டும். இருக்கிறது என்று வந்தாலும் பரவாயில்லை, தயங்காமல் கத்து. நீ பிறந்த நாளிலிருந்து எத்தனையோ தடவை உன்னைத் திட்டியிருக்கிறேன். கத்தியவனை நான் திட்டுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலைக்காக முன்வரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்,

உன் அப்பா.